விலையில்லா விருந்து

லாஸ் வேகஸுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் "எவ்வளவு விட்டீர்கள்?" என்று கேட்பது இங்குள்ள நண்பர்களிடையே ஒரு சடங்கு. எங்களைக் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: சாப்பாட்டுக்கு விட்டோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்நகரின் வரவுக் கணக்கும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் நாலு மைல் நெடுஞ்சாலையின் பெரிய விடுதிகளில், சூதாட்டத்தால் வரும் வருமானத்தைக் காட்டிலும் அறை, உணவு, மது, கேளிக்கை ஆகியவற்றால் வரும் வருமானம் மிகுதி. 1990களின் இறுதியிலிருந்தே நிலைமை இதுதான். சூதாட்டத்தின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர், உண்மையில் பெரியதொரு சாப்பாட்டுக்கடையாக மாறி கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

நாங்கள் கணவனும் மனைவியுமாக, சில சமயம் உறவினர்களோடும், கலிபோர்னியாவிலிருந்து மொஹாவி பாலைவனத்தைக் காரில் கடந்து அங்கே பலமுறை போயிருக்கிறோம். சீட்டுக்கட்டின் மீது எங்கள் இருவருக்குமே ஈர்ப்பு கிடையாது. உணவின் மீது உண்டு. சூதாடாதவர்கள் சூதாட்ட விடுதியில் போய்ச் சாப்பிடுவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாடகக் கொட்டகைக்குப் போய் நாடகம் பார்க்காமல், திரைக்கு அருகே உட்கார்ந்து கயிறு இழுப்பவர்களைப் பார்ப்பது போன்றது அது. பார்த்ததைக் கொஞ்சம் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

*

நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931இல். அதே ஆண்டில்தான் அருகே ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கியது. ஆனால் இன்று நாம் அறிந்த வகையிலான விடுதி வந்தது 1941இல், எல் ராஞ்சோ வேகஸ் என்ற பெயரில். நகர எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சல்ஸ் சாலையில், நீச்சல் குளமும் வாகன நிறுத்துமிடமுமாகக் கட்டப்பட்டது. அங்கேதான் 1940களில், நள்ளிரவுக்கு மேலும் ஆட்டக்காரர்கள் உறங்கப் போய்விடாமல் இருக்க, ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று ஒரு பந்தி விரித்தார்கள். வேகஸ் பஃபேயின் பிறப்பு அதுதான். அந்த விடுதி 1960இல் எரிந்துபோயிற்று, பந்தி எஞ்சியது.

அதன் தர்க்கம் எளியது. பசித்தவன் எழுந்து போவான். எழுந்து போனவன் வேறு கதவு வழியாக வேறு விடுதிக்குள் நுழையக்கூடும். ஆகவே அவன் பசியை இங்கேயே, மலிவாக, விரைவாகத் தீர்த்துவிட வேண்டும். உணவில் நட்டம் வந்தால் வரட்டும், மேசையில் அதை எடுத்துக்கொள்ளலாம். நகரின் பழைய பகுதியான ஃப்ரீமாண்ட் தெருவில், கோல்டன் கேட் என்ற சூதாட்டக்கூடம் 1959இல் ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய இறாலை 50 சென்ட்டுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1991 வரை அதே விலை. பாலைவனத்தின் நடுவே, கடலிலிருந்து வெகுதூரத்தில், முப்பதாண்டுகளுக்கு மேல் இறாலுக்கு விலை ஏறவில்லை என்றால், அந்த விலை இறாலின் விலையே அல்ல என்று பொருள். அந்தக் கோப்பை 2017இல் நிறுத்தப்பட்டது.

இந்தத் தர்க்கத்தைக் கட்டடத்திலும் பார்க்கலாம். எங்கள் அனுபவத்தில், அறையிலிருந்து எந்த உணவகத்துக்குப் போவதானாலும் சூதாட்டத் தளத்தைக் கடந்தே போக வேண்டியிருந்தது. நேர்வழி இருக்காது. வளைந்து வளைந்து போகும் பாதை, காலடியில் கண்ணைப் பறிக்கும் கம்பளம், இருபுறமும் ஓலமிடும் ஸ்லாட் இயந்திரங்கள். சன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு நிமிடம் நடந்தால், அந்த எட்டு நிமிடத்தில் முந்நூறு இயந்திரங்களாவது நம்மைக் கூப்பிட்டிருக்கும். கோயிலுக்குள் கருவறையை அடைவதற்கு முன் பிரகாரம் சுற்றுவதைப் போல, இங்கே சோற்றை அடைவதற்கு முன் சூதைச் சுற்ற வேண்டும்.

*

2014 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப் போனோம். எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். இருவரும் அம்மா என்றே அழைப்போம். சுத்த சைவம். பெரிய பஃபே ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். நண்டுக் கால்கள் மலைபோல் குவிந்திருக்க, பக்கத்திலேயே வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருவர் மாட்டுத் தொடையை அரிந்துகொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பாமல் வந்து, தட்டில் கொஞ்சம் சோறு, வேகவைத்த காய்கறி, தயிர், ஒரு துண்டு முலாம்பழம் எடுத்துக்கொண்டார். நாங்கள் கொடுத்த கட்டணத்தைக் கணக்கிட்டால், அந்தத் தயிர்சாதம் உலகிலேயே விலை உயர்ந்த தயிர்சாதங்களுள் ஒன்றாக இருந்திருக்கும்.

அவருக்கு வியப்பளித்தது உணவின் அளவு அல்ல. நம்மூர்க் கல்யாணங்களில் அவர் பார்க்காத பந்தியா? பக்கத்து மேசைக்காரர்கள் நாலு தட்டு நிறைய எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் தின்றுவிட்டு, தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்கள். பரிசாரகர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்.

"இதெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டார் அம்மா.

அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம். அதில் ஒரு பெரும் பகுதி பன்றிகளுக்குப் போகிறது. வடக்கு லாஸ் வேகஸில் இருந்த பன்றிப் பண்ணை ஒன்று, பல பத்தாண்டுகளாக விடுதிகளின் எச்சிலை வண்டி வண்டியாக அள்ளிவந்து, கொதிக்கவைத்துப் பன்றிகளுக்கு ஊட்டியது. நகரம் பெருகி வேலிவரை வீடுகள் வந்துவிட்டதால், அந்தத் தொழில் பின்னர் ஊருக்கு வெளியே பாலைவனத்துக்கு இடம்பெயர்ந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம். "ஏதோ ஒரு ஜீவன் வயிறு நெறையுதே, நல்லது" என்றார். எங்களுக்கு அவ்வளவு நிம்மதி கிடைக்கவில்லை.

தண்ணீர்க் கதை இன்னும் விசித்திரம். அந்தப் பள்ளத்தாக்கின் நீரில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஆனால் விடுதிகளுக்குள்ளே குழாய் வழியாக ஓடும் நீர், பாத்திரம் கழுவிய நீர் உட்பட, அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்பிவிடுகிறது. ஊதாரித்தனத்தையே விளம்பரமாகக் கொண்ட ஊர், நீர் விஷயத்தில் மட்டும் ஒரு கிராமத்துப் பாட்டியைப் போலச் சிக்கனமாக இருக்கிறது.

*

மலிவுச் சோற்றின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது 1990களில். வுல்ஃப்கேங் பக் என்ற ஆஸ்திரிய சமையற்கலைஞர் 1992இல் தம்முடைய ஸ்பாகோ உணவகத்தின் கிளையை சீசர்ஸ் பேலஸை ஒட்டிய கடைவீதியில் திறந்தார். சூதாட ஊருக்கு வருபவன் நல்ல சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பானா என்று பலர் ஐயுற்றிருந்த காலம். கொடுத்தான். 1998இல் பெலாஜியோ விடுதி திறந்தபோது, அதனோடு திறந்த உணவகங்களுள் ஒன்றின் பெயர் பிக்காசோ. சுவரில் மாட்டியிருந்தவை நகல்கள் அல்ல, பிக்காசோவின் கையால் ஆன மூலப் படைப்புகள். 2005இல் எம்ஜிஎம் கிராண்டில் ஜோயல் ரோபுஷோன் உணவகம் தொடங்கினார். மிஷலின் வழிகாட்டி அந்நகருக்கென வெளியிட்ட 2008, 2009 ஆகிய இரு பதிப்புகளிலும் மூன்று நட்சத்திரம் பெற்ற ஒரே உணவகம் அதுதான். ரோபுஷோன் 2018இல் காலமானார்.

சோறு தூண்டிலாக இருந்த இடத்தில் சோறே மீனாகிவிட்டது என்று சொல்லலாம். பிக்காசோ ஓவியங்களின் கதை இதற்குப் பொருத்தமான பின்குறிப்பு. 2021இல் விடுதியை நடத்துபவர்கள் தம்மிடமிருந்த பிக்காசோ படைப்புகளில் பதினொன்றை ஏலத்தில் விட்டார்கள். பத்துக் கோடி டாலருக்கு மேல் விலைபோயின. உணவகமும் 2024இல் மூடப்பட்டது. அந்த ஊரில் எதுவும் சுவரில் நிரந்தரமாகத் தொங்குவதில்லை.

*

இப்படியொரு உயர்தர உணவகத்தில் நாங்கள் ஒரே ஒரு முறைதான் உண்டிருக்கிறோம். எங்கள் காசில் அல்ல.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் இருக்கிறார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்போம், அவர் மனைவியை அண்ணி என்போம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய வாரத்தில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, முதல் மாதம் முழுவதும் தம் வீட்டில் சோறு போட்டவர்கள். அண்ணனுக்கு ரூலெட் பிடிக்கும். அதை மறைத்தவரும் அல்லர். 2019 நவம்பர் விடுமுறையில் இரு குடும்பங்களுமாக வேகஸுக்குப் போயிருந்தபோது, எங்களை இரவு விருந்துக்கு அழைத்தார்.

"கூச்சப்படாம என்ன வேணுமோ சொல்லுங்க. இன்னிக்கு எல்லாம் ஓசி" என்றார்.

ஓசி என்ற சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால் முத்திரையிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். கம்பெனி வேலை நிமித்தம் அனுப்பப்படும் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது என்பது அந்தக் கதை. கதை மெய்யோ பொய்யோ, அன்றிரவு அச்சொல் மிகச் சரியாகவே பொருந்தியது. நாங்கள் கம்பெனியின் செலவில், கம்பெனியின் காரியமாகத்தான் உண்டோம்.

அங்கே இதற்குக் காம்ப் என்று பெயர். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அண்ணனே, ஒரு பொறியாளருக்குரிய உற்சாகத்தோடு, மேசைத் துணியில் விரலால் எழுதிக் காட்டினார். ஆட்டக்காரரின் பெயரில் ஓர் அட்டை. அவர் ஒரு சுற்றுக்குச் சராசரியாக வைப்பது 25 டாலர் என்று கொள்வோம். மணிக்கு 40 சுற்று. நாலு மணி நேரம் ஆடினால் மொத்தப் பந்தயம் 4000 டாலர். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள், கூடவே ஒரு பூச்சியமும் ஓர் இரட்டைப் பூச்சியமும். ஆக முப்பத்தெட்டுக் குழிகள். அந்த இரண்டு பூச்சியங்களால் கூடத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் 5.26 சதவீதம். ஆகவே அவர் தோற்க வேண்டிய தொகை சுமார் 210 டாலர். அதில் ஒரு பங்கை அறையாகவும் உணவாகவும் திருப்பிக் கொடுப்பார்கள்.

இதில் நுட்பம் என்னவென்றால், அன்று அவர் உண்மையில் வென்றாரா தோற்றாரா என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. வென்றாலும் விருந்து உண்டு. காலம் அவர்கள் பக்கம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் போதும். எண்கள் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். விருந்து அவர் திரும்பி வருவதற்காகத்தான்.

உணவு மிக நன்றாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாத்துக் கறியின் தோல் அப்பளம்போல் நொறுங்கியது. காளான் சாறு ஒன்று வந்தது. அதன் மணம் மழை நின்ற தோட்டத்தை நினைவூட்டியது. ஒவ்வொரு தட்டு வரும்போதும் அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்தார். எங்களை மகிழ்விப்பதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது. முதல் மாதம் தம் வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டபோது இருந்த அதே முகம்.

அண்ணி ஒரு சூப்பு மட்டும் வாங்கிக்கொண்டார். பசியில்லை என்றார். அண்ணன் கைகழுவ எழுந்து போனபோது, எங்கள் தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா சாப்பிடுங்க. இதுக்குப் பணம் நாங்க எப்பவோ கட்டியாச்சு."

குரலில் கசப்பு இல்லை. மின்கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்வதுபோலவே சொன்னார். அந்தத் தொகை என்ன என்று நாங்கள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தார், இனிப்பு வந்தது. மேசைக்கு வந்த தோலுறையில் விலை எதுவும் இல்லை. ஒரு கையெழுத்து, பரிசாரகருக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியபின் நாங்கள் வெகுநேரம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மறுத்திருக்கலாமா? மறுத்திருந்தால் தோற்ற பணம் திரும்பிவந்திருக்காது. அவர் முகம் மட்டும் வாடியிருக்கும். உண்டோம், உண்டதால் அவருடைய கணக்கில் அந்த இரவு ஓர் ஆதாயமாகப் பதிவாயிற்று. விருந்தினர்கள் மகிழ்ந்தார்கள் என்பது, ஆடுவதற்கு மேலும் ஒரு நியாயமாயிற்று. விருந்தோம்பல் என்ற அவரது மிகச் சிறந்த குணத்தையே பிடித்துத்தான் அந்த விடுதி அவரை இழுத்துக்கொண்டிருந்தது. பேராசை பிடித்தவரை இழுப்பது எளிது. கொடுக்கும் கைக்காரரை இழுப்பதற்கும் வழி கண்டிருக்கிறார்களே என்பதுதான் எங்களை உறுத்தியது.

பரிமேலழகர் உரைவழி வந்த வரிசையில், திருக்குறளின் 93, 94, 95ஆம் அதிகாரங்கள் கள்ளுண்ணாமை, சூது, மருந்து என்பவை. மருந்து என்ற பெயரில் அங்கே பேசப்படுவது பெரும்பாலும் உணவைப் பற்றியே. முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றி. குடி, சூது, மிகையான உணவு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காசாக்கலாம் என்று 1941இல் ஒருவர் கண்டுபிடித்ததற்கு வெகுகாலம் முன்பே, மூன்றும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று ஒருவர் கண்டிருக்கிறார். விருந்தோம்பலோ அவற்றிலிருந்து வெகுதூரத்தில், ஒன்பதாம் அதிகாரத்தில், இல்லறத்துக்குள் இருக்கிறது. அதையும் தூக்கிவந்து இந்தத் தெருவில் குடிவைத்ததுதான் லாஸ் வேகஸின் சாதனை.

*

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சோறு பரிமாறுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமல்ல. அந்த ஊரில் எங்களுக்கு மதிப்பு உண்டான ஒரே அமைப்பு அவர்களுடையதுதான். சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226ஆம் கிளை 1935இல் தொடங்கப்பட்டது. சமையலர்கள், பரிசாரகர்கள், அறை சுத்தம் செய்வோர் என்று இன்று ஏறத்தாழ அறுபதாயிரம் உறுப்பினர்கள். 1991 செப்டம்பரில் ஃப்ராண்டியர் விடுதியில் சுமார் 550 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 1998 தொடக்கம் வரை, ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நாற்பது பாகை கடந்த வெயிலில் இரவும் பகலும் முறைவைத்து வாசலில் நின்றார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஒருவர்கூட மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை. கடைசியில் விடுதி கைமாறி, அவர்கள் வென்றார்கள். 1999இல் திறந்த வெனிஷியன் விடுதி, கால் நூற்றாண்டுக்குப் பின் 2024இல்தான் சங்கத்தோடு முதல் ஒப்பந்தத்துக்கு இணங்கியது.

ஒரு காலைச் சிற்றுண்டியின்போது எங்களுக்குக் காப்பி ஊற்றிய பிலிப்பீனியப் பெண்மணி, இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே விடுதியில் இருப்பதாகச் சொன்னார். தட்டு சுமந்த சம்பளத்தில் வீடு வாங்கியிருந்தார். மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியிருந்தார். "நீங்கள் ஆடுவதுண்டா?" என்று கேட்டோம். காப்பிக் குடுவையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார். "நான் இங்கே வேலை செய்கிறேனே" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நெவாடாவின் சூதாட்டக்கூடங்கள் யாவும் மூடப்பட்டு, ஜூன் 4 அன்றுதான் திறந்தன. பூட்டே இல்லாத கதவுகளுக்கு அவசரமாகப் பூட்டு தேடியதாக அப்போது சொல்லப்பட்டது. பல பஃபேக்கள் அதன்பின் திறக்கப்படவே இல்லை. ஆரியா விடுதியில் பஃபே இருந்த இடத்தில் 2022இல் தனித்தனிக் கடைகள் கொண்ட உணவுக்கூடம் வந்தது. எஞ்சிய பஃபேக்கள் ஆடம்பர விலைக்கு மாறிவிட்டன. ஒரு டாலர் பந்தி ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நடந்து ஓய்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

*

இப்போதெல்லாம் அங்கே போனால் நாங்கள் விடுதியில் உண்பதில்லை. ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே இரண்டு மைல் தள்ளி, ஸ்பிரிங் மவுண்டன் சாலையில், 1995இல் ஒரு சீனக் கடைத்தொகுதி தொடங்கியது. அதைச் சுற்றி இன்று மைல் கணக்கில் சீன, வியட்நாமிய, கொரிய, தாய்லாந்து உணவகங்கள். நள்ளிரவுக்கு மேல் விடுதி வேலை முடித்த சமையலர்கள் அங்கே வந்து உண்பதைப் பார்க்கலாம். மேசைகளில் மெழுகுத்துணி, சுவரில் விலைப்பட்டியல். எழுதிய விலைதான் விலை.

2023 கோடையில் அண்ணனையும் அண்ணியையும் அங்கே அழைத்துப் போனோம். அண்ணன் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான், விடவில்லை. வரவு குறைந்திருக்கிறது என்று அண்ணி சொன்னார். எங்கள் விருந்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். நூடுல்ஸ், காரமான கத்தரிக்காய், முழு மீன் ஒன்று, பானை நிறையத் தேநீர். நால்வருக்கும் சேர்த்து 94 டாலர். ரசீது வந்ததும் அண்ணன் பழக்கத்தில் கையை நீட்டி எடுத்துவிட்டார். அதை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லையே, நியாயமாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லி எங்களிடம் கொடுத்தார்.

அண்ணி அதைக் கவனிக்கவில்லை. மீனின் கன்னத்துச் சதையைக் குச்சியால் பிரித்தெடுப்பதில் மும்முரமாக இருந்தார். அன்று அவர் வயிறார உண்டார்.